உங்களுக்குத் தெரியுமா? உயிர் காக்கும் சுருள், மூளையை மறைக்கும்!

மூளை ரத்தக்குழாய்ப் புடைப்பான அனியூரிசத்தை அடைக்க வைக்கும் பிளாட்டினம் சுருளின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். ஆனால் சி.டி. ஸ்கேனில் அது தன்னைச் சுற்றியுள்ள மூளைப் பகுதியையே மறைத்துவிடும்!

• பிளாட்டினத்தின் அணு எண் 78. எக்ஸ் கதிரில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுகிறது. படத்தில் நட்சத்திரம் வெடித்ததுபோல வெள்ளைக் கீற்றுகள், நடுநடுவே கரும்பட்டைகள். அங்கே புதிதாக ரத்தம் கசிந்திருந்தால்கூடக் கண்ணில் படாமல் போகலாம். கவலைக்குரிய விஷயம் இதுதான்.

• இதே புடைப்பை அடைக்க, மண்டையோட்டைத் திறந்து டைட்டானியம் கிளிப்பும் பொருத்துவார்கள். டைட்டானியத்தின் அணு எண் 22. அதனால் தொல்லை குறைவு.

• தீர்வு, கணக்கில் இருக்கிறது. உலோகத்தால் கெட்ட அளவீடுகளை நீக்கி, அக்கம்பக்கத்து அளவீடுகளை வைத்து இட்டு நிரப்பும் முறையை 1987-ல் ஜெர்மனியின் வில்லி காலெண்டர் குழு வெளியிட்டது. அழகான வழி! ஆனாலும் நிரப்பியது மதிப்பீடுதானே? எனவே திருத்தாத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

• பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் சுருள், கிளிப் இரண்டு சிகிச்சையும் உண்டு. சுருள் வைத்தவர்களுக்குத் தொடர் பரிசோதனையில் எம்.ஆர்.ஐ. பெரிதும் உதவுகிறது; பிளாட்டினம் எம்.ஆர்.ஐ. படத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.