துப்பாக்கி தேர்ந்தெடுத்த யானைகள்

மொசாம்பிக் நாட்டின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் மேயும் பெண் யானைகளைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றாது. நம் காட்டுப் பெண் யானைகளுக்கு வெளியே தெரியும்படி தந்தம் கிடையாது. ஆப்பிரிக்காவில் அப்படியல்ல, ஆண், பெண் இரண்டுக்குமே தந்தம் உண்டு. ஆனால் கொரொங்கோசாவில் போருக்குத் தப்பிய பெண் யானைகளில் பாதிக்குத் தந்தமே இல்லை.

1977 முதல் 1992 வரை அங்கே உள்நாட்டுப் போர். இரு தரப்பும் யானைகளைச் சுட்டன. இறைச்சி படைக்குச் சோறானது, தந்தம் ஆயுதமானது. 1972-ல் 2,500-ஐத் தாண்டியிருந்த யானைகள், 2000-ல் ஏறக்குறைய 240-தான் மிஞ்சின. போருக்கு முன்பு பெண் யானைகளில் தந்தமில்லாதவை 18.5 சதவீதம், போருக்குப் பின் 50.9 சதவீதம்.

எந்த யானையும் உயிருக்குப் பயந்து தந்தத்தை உதிர்த்துவிடவில்லை. இயற்கைத் தேர்வு என்றதும் பலர் தடுமாறும் இடம் இதுதான். தனி உயிர் மாறுவதில்லை. தந்தமில்லாமல் பிறந்த சில பெண் யானைகள் முன்பிருந்தே கூட்டத்தில் இருந்தன. அவற்றைச் சுடுவதில் லாபம் குறைவு. 1972-க்கும் 2000-க்கும் இடையே அவை பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவற்றைப் போல ஐந்து மடங்கு. பிழைத்தவைதானே பெறும்? போர் முடிந்து, துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு பிறந்த பெண் யானைகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குத் தந்தம் இல்லை.

2021-ல் வெளியான ஆய்வு ஒன்று இதன் உள்ளே புகுந்து பார்த்தது. தந்தம் என்பது மேல்தாடையின் வெட்டுப்பல்தான், நீண்டு வளர்கிறது, அவ்வளவே. அந்தப் பல்லின் உருவாக்கத்தோடு தொடர்புடைய ஒரு மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதன் அருகே ஏற்படும் மாற்றம்தான் காரணமாகத் தெரிகிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றிவிடுகிறது, போவது தந்தம் மட்டும். ஆணுக்கு இருப்பதே ஒன்று. பழுதானதைப் பெற்ற ஆண் கரு தாய் வயிற்றிலேயே இறந்துவிடுவதாகத் தெரிகிறது. அதனால்தான் தந்தமில்லாத தாய்களின் கன்றுகளில் மூன்றில் இரண்டு பெண்ணாக இருக்கின்றன. வேட்டைக்காரனிடமிருந்து தப்பிய தாய், தன் ஆண் கன்றுகளில் பாதியைக் கொடுத்து அந்த உயிரை வாங்கியிருக்கிறாள் என்று சொன்னால் மிகையில்லை.

இதெல்லாம் தற்செயல் என்பவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் அடோ பூங்காவில் 1931-ல் மிஞ்சியவை 11 யானைகள். பின்னாளில் அங்கே பெண் யானைகளில் 98 சதவீதம் தந்தமற்றவை ஆனதில் தற்செயலுக்குப் பெரும் பங்கு இருக்கலாம். கொரொங்கோசா கணக்கில் அதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு.

எனக்குள்ள கவலை எண்ணிக்கையைப் பற்றியது. யானை கூடியது, குறைந்தது என்று மட்டுமே செய்தி வருகிறது. எந்த யானை கூடியது என்று யாரும் கேட்பதில்லை. தந்தம் அழகுக்கு முளைத்ததல்ல. பட்டை உரிக்க, மண்ணைத் தோண்டி உப்பும் நீரும் எடுக்க, மரத்தைச் சாய்க்க அதுவே கருவி. யானை சாய்க்காத மரம் நின்றுவிடும், புல்வெளி காடாகும், அதை நம்பிய மற்ற உயிர்களின் பாடும் மாறும்.

நம் பக்கம் வருவோம். இங்கே தந்தம் ஆணுக்கு மட்டும், அதனால் தோட்டாவும் ஆணுக்கு மட்டும். 1970, 80-களின் தந்த வேட்டையில் கேரளத்தின் பெரியாறு காட்டில் ஏறக்குறைய நூறு பெண் யானைக்கு ஓர் ஆண் என்ற நிலை வந்தது. காட்டில் யானை இருந்தது, கன்று குறைந்தது. தந்தமில்லாத ஆணான மக்னா இங்கே ஆப்பிரிக்கக் கருவைப் போல இறப்பதில்லை. நன்றாக வளர்ந்து இனம் பெருக்குகிறது. அதாவது தந்தமுள்ள ஆணான கொம்பனைத் தேடித் தேடிச் சுட்டால் மக்னாவின் வழி பெருக இங்கே தடையே இல்லை. இலங்கையில் ஆண் யானைகளில் தந்தமுள்ளவை பத்தில் ஒன்றுகூட இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் தந்த யானைகளைப் பிடித்ததும் சுட்டதும்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். அது முழுக் காரணமா என்பதில் வாதம் இருக்கலாம். எச்சரிக்கைக்கு அது போதும்.

இந்தியாவில் 1986-லேயே உள்நாட்டுத் தந்த வணிகம் தடை செய்யப்பட்டது. சட்டம் வேட்டையைக் குறைக்கலாம். போன கொம்பனின் வழியைத் திருப்பித் தராது. ஒரு பெண் யானை ஒரு கன்று ஈன்று அடுத்ததை ஈன நான்கைந்து ஆண்டு ஆகிறது. கெடுக்கப் பதினைந்து ஆண்டு போதுமாக இருந்தது. சரியாகப் பல தலைமுறை வேண்டும்.

அடுத்த யானைக் கணக்கெடுப்பின் முடிவு வெளியாகும்போது மொத்த எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண் எத்தனை, அதில் கொம்பன் எத்தனை, மக்னா எத்தனை என்று கேளுங்கள்.