பதினெட்டு ஆண்டு காத்திருந்த விடை

மூளையிற் கட்டி என்று வைத்தியர் சொன்னவுடன் கேட்பவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: இன்னும் எத்தனை நாள்? நேயர்களே, இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மூளைக்கட்டி என்பது ஒரு நோயன்று. பல நோய்களுக்கு நாம் இட்டு வழங்கும் பொதுப்பெயர். வளர்ந்தோரிடம் அரிதாகத் தோன்றும் கட்டியொன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

அதன் பெயர் ஒலிகோடென்றோகிளியோமா. நாவுக்குச் சற்றுக் கடினமான பெயர்தான். 1926 ஆம் ஆண்டிலே பெய்லி, குஷிங் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் மூளைக்கட்டிகளை வகைப்படுத்தியபோது இதற்குத் தனியிடம் கொடுத்தனர். நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் இதன் கலங்கள் பொரித்த முட்டை போலத் தோன்றும்: நடுவே வட்டமான கரு, சுற்றிலும் வெளிறிய வளையம். பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதினரையே இது பற்றுகிறது. மெல்ல வளரும். குடும்பத்தைத் தாங்கும் வயதில் ஒருநாள் திடீரென வரும் வலிப்பே பலருக்கு முதல் அறிகுறி.

பேச்சுக்கும் கைகால் அசைவுக்கும் கேடு வராத அளவுக்குக் கட்டியைச் சத்திரசிகிச்சையால் அகற்றுவதே முதற்படி. ஆயினும், நோயுற்ற கலங்கள் நல்ல கலங்களினிடையே ஊடுருவி நிற்பதால் முற்றாக அகற்றுதல் அரிது. எஞ்சியதைக் கதிர்ச் சிகிச்சையால் அடக்குவர். மருந்தும் பயன்தரும் என்ற நம்பிக்கை பிறந்தது 1988 இல். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரிலே கெயார்ன்குறொஸ், மக்டொனல்ட் என்னும் வைத்தியர்கள், கட்டி மீண்டும் தோன்றிய எண்மருக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, கட்டி சுருங்கக் கண்டனர். புறொகார்பசீன், லொமுஸ்ரீன், வின்கிறிஸ்ரீன் என்பன அம்மருந்துகள்.

எண்மரை வைத்து முடிவு கட்டலாகாது. 1994 இல் வட அமெரிக்காவிற் பெரியதொரு பரிசோதனை தொடங்கிற்று. 291 நோயாளர் சேர்ந்தனர். ஒரு சாராருக்குக் கதிர்ச் சிகிச்சை மட்டும்; மறு சாராருக்கு அதற்கு முன் மருந்தும். 2006 இல் கணக்குப் பார்த்தபோது இரு சாராரின் ஆயுளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. குமட்டலும் இரத்தக்கலக் குறைவும் விளைத்த மருந்து, ஆயுளுக்கு வீண் என்று கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை, நோயாளரைத் தொடர்ந்து கவனித்து வந்தனர்.

இதற்கிடையே வேறொரு தடயமும் கிடைத்திருந்தது. இக்கட்டிகள் பலவற்றின் கலங்களில் 1 ஆம் நிறமூர்த்தத்தின் குறும்பகுதியும், 19 ஆம் நிறமூர்த்தத்தின் நெடும்பகுதியும் ஒருங்கே இழக்கப்பட்டிருந்தன. 2012 இல் மீண்டும் கணக்கிட்டபோது இவ்விழப்பு உள்ளவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தனர். அவர்களுட் கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றோரிற் பாதிப்பேர் 7.3 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்தனர். மருந்தும் பெற்றோரிற் பாதிப்பேர் 14.7 ஆண்டுகளுக்கு மேல். ஆயுள் இரட்டித்திருந்தது! இழப்பு இல்லாதவர்களிடமோ அத்தகைய வேறுபாடு இல்லை. 2006 இல் அது புலப்படாமற் போனதற்குக் காரணம், இவர்களிற் பலர் அப்போது உயிரோடிருந்ததே.

இன்று அவ்விழப்பைச் சோதியாமல் இக்கட்டிக்குப் பெயரிடுவதே முறையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 ஆம் ஆண்டு வகைப்பாடு அவ்வாறு விதித்தது. ஆதலால், உறவினர் ஒருவருக்கு இந்நோய் எனச் சொல்லப்பட்டால், எடுத்த இழையத்தில் நிறமூர்த்தச் சோதனை நடந்ததா என்று வைத்தியரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. சிகிச்சையின் போக்கே அதைப் பொறுத்தது.

பல்லாண்டு வாழ்வோருக்கு வேறொரு துன்பமும் உண்டு. கதிர்ச் சிகிச்சை காலப்போக்கில் ஞாபகத்தையும் சிந்தனை வேகத்தையும் மந்தப்படுத்தக்கூடும். எனவே, மெல்ல வளரும் கட்டியாயின் அதனைத் தள்ளிப்போடவும் வழி தேடுகின்றனர். வொறசிடெனிப் என்னும் மாத்திரை அத்தகையது. இத்தகைய கட்டியுள்ள 331 பேரிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2023 இல் வெளிவந்தது: வெறும் மாத்திரை உட்கொண்டோரிடம் சராசரி 11.1 மாதத்திற் கட்டி முன்னேறியது. இம்மருந்தை உட்கொண்டோரிடம் 27.7 மாதமாயிற்று. ஆயுளும் நீளுமா என்பதற்கு விடை காணும் பொருட்டு அந்நோயாளரையும் பல ஆண்டுகள் கவனித்தல் வேண்டும்.