மருத்துவக் கல்வி: வீடா, விடுதியா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் தேவாரத்து அன்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். போடியில் ஏலக்காய்க் கடையொன்றில் தரம் பிரிக்கும் வேலையில் இருப்பவர். அவருடைய மகள் சிறு வயதில் எங்கள் மக்தபில் ஓதிய பிள்ளை. அவளுக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறார் என எண்ணினேன். ஆனால் அவர் முகத்தில் கவலையே மிகுந்திருந்தது.

"ஹஜ்ரத், பெண் பிள்ளையை விடுதியில் விட மனம் வரவில்லை. தினமும் பேருந்தில் போய் வரட்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

"போய் வரட்டுமே" என்றுதான் நானும் சொன்னேன். அது தவறான யோசனை என்பதை உணர எனக்கு மூன்று மாதங்கள் ஆயின. அதே கேள்வியோடு இருக்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

தூரம் தின்ற நேரம்

தேவாரத்திலிருந்து போடி வழியாகத் தேனி, அங்கிருந்து ஆண்டிபட்டிச் சாலையில் க.விலக்கு. 2004-இல் தொடங்கப்பட்ட அம்மருத்துவக் கல்லூரி அங்குதான் உள்ளது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர். காத்திருந்து, பேருந்து மாறிச் செல்ல இரண்டு மணி நேரம். திரும்பவும் அதே நேரம். ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் புறப்படும் கருக்கலிலேயே அப்பிள்ளையும் சாலையில் நின்றாள். மஃரிபுக்குப் பின் வீடு திரும்பியவள், உடற்கூற்று நூலைத் திறந்த பக்கத்திலேயே உறங்கிப் போனாள். எப்போதும் முதலிடம் பெற்று வந்தவள், முதல் உள்தேர்வில் தேறவில்லை.

இப்படிப்பின் தன்மை வேறு

மற்றப் படிப்புகளைப் போன்றதன்று மருத்துவம். நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் ஒருசேர வந்து அழுத்தும். வகுப்புகளுக்கு 75 விழுக்காடு, செய்முறைக்கு 80 விழுக்காடு வருகை வேண்டும். முதலாண்டுத் தேர்வில் தேற நான்கு வாய்ப்புகளே உண்டு. இரண்டாம் ஆண்டு முதல் நோயாளிகளின் அருகில் நின்று கற்க வேண்டும். பயிற்சி ஆண்டிலோ இரவுப் பணியும் உண்டு. பிரசவ வலி பேருந்து நேரம் பார்த்தா வரும்?

ஆகவே எங்கே தங்குவது என்பது வசதி பற்றிய கேள்வி மட்டுமன்று. பிள்ளைக்குப் படிக்கவும் உறங்கவும் நேரம் மிஞ்சுமா என்பதே முதற்கேள்வி.

பெற்றோரின் அச்சங்கள்

விடுதி என்றதும் பகடிவதை நினைவுக்கு வருகிறது. அந்த அச்சம் வீணானதன்று. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட கொடுமையைத் தமிழகம் மறக்கவில்லை. அதன் விளைவாகவே 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் நம் மாநிலத்தில் வந்தது. குற்றவாளிக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழி செய்கிறது. முதலாண்டு மாணவர்களைத் தனிப் பகுதியில் தங்கவைக்க வேண்டும் என 2009-இல் நாடு முழுமைக்கும் விதி வந்தது. 1800-180-5522 என்ற எண்ணில் எந்நேரமும் முறையிடலாம். சேர்க்கும்போதே விடுதியை நேரில் பாருங்கள், காப்பாளரைச் சந்தியுங்கள், தனிப் பகுதி உண்டா என்று கேளுங்கள். கேட்கும் பெற்றோரின் பிள்ளையை எவரும் எளிதில் சீண்டமாட்டார்.

அடுத்து, உணவும் தொழுகையும். ஹலால் என உறுதியில்லாத இறைச்சியைத் தவிர்த்தால் சோறு, குழம்பு, முட்டைக்குக் குறைவில்லை. லுஹரை மதிய இடைவேளையில் நிறைவேற்றலாம். ரமளானில் ஸஹருக்கு, உடன் படிக்கும் முஸ்லிம் மாணவியர் ஒன்றுகூடி முன்னதாகவே காப்பாளரிடம் பேச வேண்டும். வீட்டில் தொழுது பழகிய பிள்ளை விடுதியிலும் தொழும். அப்பழக்கத்தைத் தராத வீட்டிலிருந்து தினமும் போய் வருவதால் மட்டும் அது வந்துவிடாது.

செலவைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளியில் படித்து, 2020 முதல் நடப்பிலுள்ள 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களின் விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மற்றவர்கள் நாள்தோறும் ஆகும் பேருந்துச் செலவையும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும்.

வெளியே வீடு எடுக்கலாமா?

மூன்று நான்கு பேர் சேர்ந்து வீடு எடுப்பதும் உண்டு. முன்பணம், சமையல், இரவில் தனியே திரும்புதல் ஆகியவற்றை எண்ணினால், முதலாண்டுக்கு அது ஏற்றதன்று. இடம் பழகிய பின் யோசிக்கலாம். மதுரையில் சேர்வோருக்கு நிலை சற்று வேறு. அங்கு அரசு இராசாசி மருத்துவமனை கோரிப்பாளையத்தை ஒட்டியே இருப்பதால், நடந்து செல்லும் தூரத்தில் வீடு தேட முடியும். 2023 ஜூன் முதல் போடி வரை இரயில் மீண்டும் ஓடுவதால், விடுமுறைக்கு ஊர் வருவதும் எளிதாகியுள்ளது.

மீண்டும் அந்த வீட்டுக்கு

உள்தேர்வு முடிவு வந்த வாரம் நானே அந்த அன்பரின் வீட்டுக்குச் சென்றேன். "அன்று நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன், பிள்ளையை விடுதியில் சேருங்கள்" என்றேன். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அவளிடம் யாரும் கேட்கவே இல்லையே" என்றார். உண்மைதான். நாங்கள் எல்லாரும் முடிவு செய்தோம். படிக்க வேண்டியவளைக் கேட்கவில்லை. அழைத்துக் கேட்டபோது அவள் சொன்னது ஒன்றே: "அத்தா, எனக்குத் தூங்க வேண்டும்."

அவ்வாரமே விடுதியில் சேர்ந்தாள். முதலாண்டுத் தேர்வில் முதல் வாய்ப்பிலேயே தேறினாள். இப்போது மாதம் இருமுறை வருகிறாள்; திரும்பும்போது தாயார் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கிறார்.

பெற்றோரே, பிள்ளையை அருகில் வைத்துக் காக்க நினைப்பது அன்புதான். ஆனால் அவள் ஏந்தப்போகும் பொறுப்புக்கு உரிய ஓய்வையும் நேரத்தையும் தருவதும் அன்பே. முடிவு செய்யும் முன் அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.