சைடு இன்கம் ஸ்டால்: கல்லாப்பெட்டியை விடுங்க, டைரியில் எத்தனை தேதி?

தீபாவளிக்கு முந்தின மாசம் ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய அபார்ட்மென்ட் எதுக்குள்ள போனாலும் கிளப் ஹவுஸ் முன்னாடி வரிசையா ஸ்டால் இருக்கும். புடவை, கவரிங் நகை, சிறுதானிய ஸ்நாக்ஸ். நடுவுல ரெண்டு மூணு டேபிள் டைரக்ட் செல்லிங் ஆட்களோடது. கிச்சன் டப்பா, ஸ்கின்கேர், நான்ஸ்டிக் பாத்திரம், சப்ளிமென்ட் டப்பாக்கள். அந்த டேபிளுக்குப் பின்னாடி நிற்பவர்களில் பலர் உங்களை மாதிரி திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ் போகிறவர்கள்தான். சம்பளத்துக்கு மேல மாசம் ஒரு அஞ்சாயிரம் வந்தா நல்லா இருக்குமேன்னு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறவர்கள்.

"ஸ்டால் போட்டா லாபம் வருமா?" என்பதுதான் இவர்களுடைய கேள்வி. அன்னைக்கு டேபிளில் விற்றதை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வராது. டைரக்ட் செல்லிங்கில் ஸ்டால் என்பது கடை இல்லை. வீட்டு டெமோவுக்குத் தேதி வாங்குகிற இடம். ஒருத்தர் தன் வீட்டுக்கு நாலைந்து தோழிகளைக் கூப்பிடுவார், நீங்கள் போய்ப் பொருளைச் செய்து காட்டி ஆர்டர் எடுப்பீர்கள். இதைத்தான் இந்தத் தொழிலில் 'பார்ட்டி' என்கிறார்கள். வாங்க, கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

இது ஒரு மாதிரிக் கணக்குதான், உங்க கம்பெனி மார்ஜினை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டால் வாடகை ரூ.1,500. ஆட்டோ ரூ.400. கேட்லாக், சாம்பிள் எல்லாம் சேர்த்து ரூ.600. ஆக செலவு ரூ.2,500. அன்னைக்கு ரூ.8,000-க்கு விற்கிறீர்கள், மார்ஜின் 20% என்றால் கையில் ரூ.1,600. காலை 10-லிருந்து சாயங்காலம் 4 வரை கால் கடுக்க நின்றதற்கு ரூ.900 நஷ்டம்!

இப்ப அதே ஸ்டாலில் மூணு பேர் தேதி கொடுத்தார்கள், அதில் ஒன்று கேன்சல் ஆனது என்று வைத்துக்கொள்வோம். நடந்த ஒவ்வொரு பார்ட்டியிலும் ரூ.9,000-க்கு ஆர்டர். மார்ஜின் ரூ.1,800. வீடு கொடுத்தவருக்குக் கிஃப்ட் ரூ.500, டெமோ பொருள் ரூ.150, போக்குவரத்து ரூ.200 போக மிச்சம் ரூ.950. ரெண்டு பார்ட்டிக்கு ரூ.1,900. ஸ்டால் நஷ்டம் ரூ.900-ஐக் கழித்தால் ரூ.1,000 லாபம்.

சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி மணிக்கணக்கையும் பார்த்துடுங்க. ஸ்டாலுக்கு 6 மணி நேரம், போன் பண்ணி உறுதி செய்ய 2 மணி நேரம், பார்ட்டியும் டெலிவரியும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 4 மணி நேரம். மொத்தம் 16 மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய். மணிக்கு ரூ.62 சொச்சம். இந்தக் காசுக்கு ஞாயிற்றுக்கிழமையை விற்க வேண்டுமா என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான்.

ஆனால் அந்த ரெண்டு பார்ட்டிக்கு வந்தவர்களில் ஆளுக்கு ஒருத்தர், "எங்க வீட்டுலயும் ஒரு நாள் வெச்சுக்கலாம்" என்றால்? அடுத்த ரெண்டு பார்ட்டிக்கு ஸ்டால் வாடகை கிடையாது. 8 மணி நேரத்துக்கு ரூ.1,900, அதாவது மணிக்கு ரூ.237. பார்ட்டியிலிருந்து பார்ட்டி பிறக்கும்போதுதான் இந்தத் தொழிலில் காசு. ஸ்டாலோட வேலை முதல் கண்ணியைப் பிடிச்சுத் தர்றது மட்டும்தான்.

இது நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் காற்று புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தபோது கடையில் அது சரியாக விற்கவில்லை. மூடியை அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதே வாங்க வந்தவர்களுக்குப் புரியவில்லை. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீடு வீடாகப் பார்ட்டி வைத்துச் செய்து காட்டினார், விற்பனை எகிறியது. 1951-ல் டப்பர்வேர் கடைகளிலிருந்து மொத்தமாக விலகி பார்ட்டி வழியாக மட்டும் விற்க ஆரம்பித்தது. 1954-ல் 'பிசினஸ் வீக்' பத்திரிகையின் அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான். 1958-ல் அவரையே கம்பெனி வெளியே அனுப்பியது தனிக்கதை.

டப்பர்வேர் இந்தியாவுக்கு 1996-ல் வந்தது, உங்க அம்மாவோ சித்தியோ ஒரு டப்பாவாவது வாங்கியிருப்பாங்க. அதே கம்பெனி 2022-ல் அமெரிக்காவில் டார்கெட் கடைகளில் சரக்கை வைத்தது, 2024 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. காரணங்கள் பல. நமக்கு வேண்டியது ஒன்று: மூடி போட்ட டப்பாவை இப்போது யாருக்கும் செய்து காட்ட வேண்டியதில்லை. ஸ்டாலில் நிற்கும்போதே எதிரில் இருப்பவர் போனை எடுத்து அமேசானில் விலை பார்ப்பார். அதனால் பார்ட்டியை நம்பி இறங்குகிறவர்கள், கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடிகிற, தொட்டால்தான் புரிகிற பொருளைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஒன்றுமே கேட்லாக்கில் இல்லை என்றால் ஸ்டால் வாடகையை மிச்சம் பிடித்து ஆர்.டி.யில் போடலாம்.

ஸ்டாலில் என்ன செய்வது?

முதலில் டேபிளைக் காலி பண்ணுங்க. நாற்பது பொருளை அடுக்கினால் அது பொருட்காட்சி, வேடிக்கை பார்த்துட்டுப் போயிடுவாங்க. ஒரே ஒரு டெமோ போதும். கசியாத டப்பா என்றால் அதில் ரசத்தை ஊற்றி மூடி, வெள்ளைத் துணி மேல் தலைகீழாக வையுங்கள். நிற்காமல் போகிறவர்கூட ஒரு நொடி திரும்பிப் பார்ப்பார். ஸ்கின்கேர் என்றால் ஒரு கைக்கு மட்டும் போட்டுவிட்டு இன்னொரு கையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். டேபிளுக்குப் பின்னால் உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்காதீர்கள், பக்கத்தில் வந்து நில்லுங்கள். முப்பது வயசுக்காரரை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால் டெமோ அங்கேயே முடிந்தது. 'மேடம்' பாதுகாப்பு, பழகினால் 'அக்கா'.

அடுத்தது சொல். நம்ம வீடுகளில் 'பார்ட்டி' என்றால் ஒன்று பிறந்தநாள், இல்லைன்னா பாட்டில். "பார்ட்டி புக் பண்றீங்களா மேடம்?" என்று கேட்டால் அவர் மனசுக்குள் மாமியார் முகம்தான் வந்து போகும். "உங்க வீட்டுல ஒரு மணி நேரம் டெமோ, உங்க ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர் போதும், காபி மட்டும் போட்டா சரி" என்று சொல்லிப் பாருங்கள். அதே விஷயம்தான், ஆனால் பயமுறுத்தாது.

"வைக்கலாமா?" என்று கேட்பதைவிட டைரியைத் திறந்து காட்டுவது நல்லது. அடுத்த ரெண்டு வாரத்தில் காலியாக உள்ள நாலே நாலு நேரத்தை எழுதி வையுங்கள். "சனிக்கிழமை 4 மணியா, ஞாயிறு 11 மணியா?" ஒரு மாசம் தள்ளிக் கொடுக்கிற தேதி பெரும்பாலும் நடக்காது, நடுவில் ஒரு காய்ச்சலோ விருந்தாளியோ வந்துவிடும். பரீட்சை மாதமான மார்ச்சைத் தவிருங்கள். சம்பளம் ஏறுகிற முதல் பத்து நாள் ஆர்டருக்கு நல்லது, மாசக் கடைசியில் கேட்லாக்கைத்தான் புரட்டுவார்கள். நவராத்திரி நேரத்தை விடவே கூடாது. கொலு வைத்த வீட்டுக்கு எப்படியும் பத்துப் பேர் வருவார்கள், தாம்பூலத்தோடு கொடுக்கச் சின்னப் பொருள் இருபது முப்பது தேவைப்படும். வளைகாப்பு, கிரகப்பிரவேச ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டரும் இதே கணக்கு. ஒரு ஆர்டர் ஒரு பார்ட்டிக்குச் சமம்.

மறுப்பு வரும்போது காது கொடுத்துக் கேளுங்கள். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்", "வீடு சின்னது", "இப்ப டைம் இல்ல". இதுக்கெல்லாம் பின்னாடி இருக்கிற உண்மையான பயம் வேறு: "கூப்பிட்டும் யாரும் வரலைன்னா, வந்தும் யாரும் வாங்கலைன்னா எனக்கு அசிங்கம்." அவர் பணயம் வைப்பது தன் சிநேகிதங்களை. இது சின்ன விஷயம் இல்லை. அதனால் நான் சொல்வது, வீடு கொடுத்ததற்கான கிஃப்ட்டை விற்பனையோடு கட்டாதீர்கள். ஒருத்தரும் வாங்காவிட்டாலும் அந்த ரூ.500 பொருள் அவருக்கு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விற்பனைக்கு ஏற்பக் கம்பெனி கொடுக்கும் கிஃப்ட் இருந்தால் அது கூடுதல். அந்த ஒரு வாக்குறுதியில் பாதித் தயக்கம் போய்விடும், வந்த தோழிகளை அவர் நச்சரிக்கவும் மாட்டார்.

லக்கி டிரா சீட்டு எல்லா ஸ்டாலிலும் இருக்கிறது. நூறு நம்பர் கிடைக்கும், அதில் தொண்ணூறு பேருக்கு உங்களை ஞாபகம்கூட இருக்காது. சீட்டில் ஒரு வரி சேருங்கள்: 'வீட்டில் டெமோ: வேண்டும் / பிறகு / வேண்டாம்'. வேண்டாம் போட்டவரைக் கூப்பிடாதீர்கள், கேட்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் இழுத்துப் போடாதீர்கள். வேண்டும் போட்டவரை ரெண்டு நாளுக்குள் கூப்பிடுங்கள். அஞ்சு பேர் வரணும்னா பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட வேண்டும், ஃபார்வர்டு மெசேஜ் போதாது, வாயால் கூப்பிடணும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தெரியாத வீட்டுக்குத் தனியாகப் போகிற பெண்கள் லொக்கேஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போங்கள், முடிந்தவரை ஸ்டால் போட்ட அதே அபார்ட்மென்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் மனைவியோடோ அக்கா தங்கையோடோ போவது வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி.

சட்டம் எங்கே நிற்கிறது?

நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் 2021 டிசம்பரில் அமலுக்கு வந்தன. அதன்படி அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி நேரம் வாங்காமலும் நீங்கள் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. ஸ்டாலில் வாங்குகிற தேதிதான் அந்த அனுமதி, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அங்கீகரிக்காத எதையும் பொருளைப் பற்றிச் சொல்லக் கூடாது. "இந்தப் பவுடர் சுகரைக் குணமாக்கும்" என்று யூடியூபில் பார்த்ததைச் சொன்னால் மாட்டப்போவது நீங்கள். "வாங்குங்க, மூணு பேரைச் சேர்த்து விடுங்க, உங்க காசு திரும்பிடும்" என்று சொல்லி விற்பதும் தடை. வீடு கொடுத்ததற்குக் கிஃப்ட் வேறு, ஆள் காட்டினால் விலை குறையும் என்பது வேறு. ரெண்டையும் குழப்பாதீர்கள். பிரமிட் திட்டங்களுக்கும் அதே விதிகளில் தடை இருக்கிறது. உங்க வருமானம் பொருள் விற்பதிலிருந்து வராமல் ஆள் சேர்ப்பதிலிருந்து வந்தால், அது ஸ்டால் பிரச்சினையே இல்லை.

வேலையில் இருப்பவர்கள் ஆஃபர் லெட்டரை ஒருமுறை எடுத்துப் படிங்க. வேறு தொழில் செய்யக் கூடாது என்ற ஷரத்து பல ஐ.டி. கம்பெனிகளில் உண்டு, அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகளே தடுக்கின்றன. டீம் மேட்ஸுக்கு விற்காதீர்கள், அதுவும் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அவர்களால் 'நோ' சொல்ல முடியாது. வரி விஷயத்தில் கமிஷன் என்பது தொழில் வருமானம், ஃபார்ம் 16-ஐ வைத்து ஐடிஆர்-1 போட்டு முடிக்க முடியாது, பொதுவாக ஐடிஆர்-3 வரும். கம்பெனி டிடிஎஸ் பிடித்திருந்தால் உங்க பான் நம்பரில் அது ஏற்கெனவே தெரியும், மறைக்க வழியில்லை. ஆட்டோ பில்லையும் ஸ்டால் ரசீதையும் எடுத்து வையுங்கள், செலவாகக் கழிக்கலாம்.

கடைசியா ஸ்டாக். "ஸ்டால் போடறதுக்கு முப்பதாயிரத்துக்குச் சரக்கு எடுத்து வைங்க" என்று உங்களைச் சேர்த்துவிட்டவர் சொல்லலாம். பார்ட்டிக்குத் தேவை டெமோ செட் ஒன்று, ஆர்டர் ஃபார்ம், டைரி. கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யில் சரக்கு எடுத்தால் மேலே போட்ட மணிக்கு ரூ.62 வட்டிக்கே போய்விடும். மூணு ஸ்டால் போட்டும் ஒரு பார்ட்டிகூட நடக்கவில்லை என்றால் நாலாவது ஸ்டாலுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கையில் சரக்கு இருந்தால் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஷரத்தையும் அதன் கெடு தேதியையும் அன்னைக்கு ராத்திரியே பாருங்கள், பாக்கெட் பிரிக்காத பொருளை முதலில் அனுப்புங்கள்.