பதினோரு தாளில் ஒரு காளை

சாலைக் கடைத்தெருவில் தராசு பிடிக்கிறவனுக்குச் சித்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் என் பேரன் ஏழெட்டுக் கோட்டில் ஒரு மாடு வரைந்து காட்டியபோது, "கண்ணு எங்கேடா, குளம்பு எங்கே?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளை முகம் வாடிப்போச்சு. அதற்குப் பிறகுதான் பிக்காசோவின் காளையைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1945 டிசம்பரில், பாரிஸில் முர்லோ என்பவரின் கல்லச்சுக் கூடத்தில் அதைத் தொடங்கினார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதே கல்லச்சின் சூட்சுமம். சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து உருளையை ஓட்டினால் வரைந்த இடம் மட்டும் மை பிடிக்கும். வேண்டாததைச் சுரண்டிவிட்டு மேலே வரையலாம். அப்படி ஒரே கல்லிலிருந்து, 1946 ஜனவரிக்குள், பதினோரு நிலைகள் எடுத்தார்.

முதல் தாளில் அசல் காளை. இரண்டாவதில் குறைப்பார் என்று பார்த்தால், இன்னும் பாரமாக்கிவிட்டார்! அடுத்து, கசாப்புக்காரன் பங்கு போடுவதுபோல் உடம்பைக் கோடு கிழித்துப் பிரிக்கிறார் (எழுதவே எனக்குக் கை கூசுகிறது). இந்தப் பிரிப்பில்தான் கியூபிசம் தெரிகிறது: உருவத்தைப் பட்டை பட்டையாக்கி, பல பக்கத்தையும் ஒருசேரக் காட்டும் முறை. பாரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே ஒவ்வொன்றாகக் கழிக்கிறார். கடைசித் தாளில் தலை சுண்டிப்போய், கொம்பு, முதுகு வளைவு, கால், வால் எல்லாம் வெறும் கோடு. ஆனாலும் காளைதான், ஆடு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நம் கிளிமானூர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்ததும் இதே கல்லச்சுக்குத்தான். நிறத்துக்கொரு கல்லாக ஏற்றி ஏற்றி, லட்சுமியின் புடவைச் சரிகை வரை கொண்டுவந்தார்கள். ஒரே தொழில், அங்கே கூட்டல், இங்கே கழித்தல்.

எங்கள் ஆதிநாதர் பீடத்தில் இலச்சினையாக இருக்கும் இடபமும் சின்னதுதான். திமிலும் கொம்பும் பார்த்தே அவர் யார் என்று தெரிந்துகொள்கிறோம்.

இவ்வளவு ஏன்? வாலிபத்தில் சாக்கு மார்க்குக்குத் தகரத்தில் காளை வெட்டச் சொன்னேன். கண், மணி, கயிறு எல்லாம் கேட்டேன். மை வழிந்து ஒரே கறுப்பு. வெட்டியவர் கொம்பும் திமிலும் மட்டும் விட்டு வேறு தகடு தந்தார். எழுத்து அறியாத சுமட்டுக்காரர்கூட எங்கள் மூட்டையைத் தப்பாமல் எடுத்தார். இதைப் பார்த்தவன்தான் பேரனைக் குளம்பு கேட்டது.

போன வாரம் பதினோரு தாள் வாங்கிக் கொடுத்தேன். ஐந்தாவதில் நிற்கிறான். "வாலை எடுத்தா மாடு விழுந்துடும் தாத்தா" என்கிறான்.