அடியாத நாய் படியாதா?

நாய் பழக்குவோரிடையே இரண்டு கட்சிகள் இருந்துவருகின்றன. நாய் மனிதனுக்கு அஞ்சினாலன்றி அவன் சொற்படி நடவாது என்பது ஒரு கட்சி. அதைக் கடினக் கட்சி எனலாம். அஞ்சும் நாய் கற்பதில்லை, நம்பும் நாயே கற்கிறது என்பது மற்றொரு கட்சி. அது மென்மைக் கட்சி. 1907-ம் வருஷம் சூரத்துக் காங்கிரஸில் செருப்புப் பறந்ததைப் போன்ற கோபதாபத்துடன் இவ்விரு கட்சியாரும் உலகெங்கும் வாதாடுகின்றனர். தேச விவகாரங்களில் கருத்தைச் செலுத்தும் நமது வாசகர்கள், இந்த நாய் விவகாரம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் பொறுத்தவரையில் இது அற்ப விஷயமன்று என்பது நமது அபிப்பிராயம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் பெற்ற நாய் ஜாதிகள் நான்கும் தென்பாண்டிச் சீமையின் சொத்து. முதலிரண்டும் விருதுநகர் ஜில்லாவிலுள்ள ஊர்களின் பெயரைத் தாங்கியவை. கோம்பையென்பது முன்னர் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்து இப்போது தேனி ஜில்லாவில் அடங்கிய ஊர். 2005-ம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா நாட்டு நாய்களைச் சித்திரித்து வெளியிட்ட தபால் தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. இவ்வளவு பெருமையிருந்தும், நாட்டு நாய் முரட்டுத்தனமானது, அதைப் பழக்க முடியாது, சீமை நாய்க்கே புத்தியுண்டு என்ற அபவாதம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த அபவாதத்தின் மூலத்தை ஆராய்ந்தால், நாயின் குறையைக் காட்டிலும் பழக்குவோனின் குறையே அதிகமென்பது விளங்கும்.

கடினக் கட்சியின் சித்தாந்தம் எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் "அடியாத மாடு படியாது" என்ற பழமொழி அதற்குத் துணை நிற்கிறது. மேனாட்டில் அதைச் சாஸ்திரமாக்கியவர்களில் முதன்மையானவர் ஜெர்மன் போலீஸ் உத்தியோகஸ்தரான கான்ராட் மோஸ்ட் என்பவர். 1910-ம் வருஷத்தில் அவர் வெளியிட்ட பயிற்சி நூல், வெகுமதியை விலக்கவில்லையெனினும், மனிதன் நாயைக் கட்டாயத்தால் வென்றடக்க வேண்டுமென்பதையே அஸ்திவாரமாகக் கொண்டது. பின்னர் ஓநாயின் பெயரால் வேறொரு வாதமும் கிளம்பிற்று. 1947-ல் ருடால்ப் ஷெங்கல் என்பவர், மிருகக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்கள் தலைமைக்காகச் சண்டையிடுவதை வர்ணித்தார். நாயும் ஓநாயின் வமிசமாதலால் எஜமானன் அதனுடன் போராடித் தலைவனாக வேண்டுமென்று பழக்குவோர் முடிவு கட்டினர். டேவிட் மெக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-ல் எழுதிய நூல் இந்தத் தலைமைக் கொள்கையைப் பரப்பிற்று. ஆனால், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைப் பல்லாண்டு கவனித்த பிறகு, அந்தக் கூட்டம் தாய் தந்தையரும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமேயென்று 1999-ல் அவரே எழுதினார். சிறையில் அடைபட்டவற்றின் சண்டையைக் கண்டு சுபாவத்தைத் தீர்மானித்தது பிழையாயிற்று. வேர் அறுந்த பின்னும் கிளை மட்டும் இன்னும் தழைத்துக்கொண்டிருக்கிறது.

மென்மைக் கட்சியும் நேற்றுத் தோன்றியதன்று. முதல் உலக யுத்தத்தின்போது, 1917-ல், ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கில ராணுவ உத்தியோகஸ்தர் யுத்த நாய்களுக்கென ஒரு பயிற்சிச் சாலையை நடத்தினார். போர்முனையிலிருந்து செய்தியைக் கழுத்தில் தாங்கி, குண்டு மாரிக்கிடையே தன் பராமரிப்பாளனிடம் திரும்பி ஓடிவருவதே அந்த நாய்களின் வேலை. ஓடும் வழியில் சாட்டை ஏந்தி நிற்பவன் யாருமில்லை. அவனிடம் போய்ச் சேரவேண்டுமென்ற ஆசை ஒன்றே நாயை ஓட்டவேண்டும். ஆதலின் அன்பும் வெகுமதியுமே அவருடைய முறையாயின. பிற்காலத்தில் கடற்பன்றிகளைப் பழக்கிய காரென் பிரையர் என்ற அமெரிக்க மாதும் இதே பாடத்தைக் கற்றார். அடிக்கக் கை ஓங்கினால் நீந்திப் போய்விடும் பிராணியை அடித்துப் பழக்குவது எப்படி? 1984-ல் அவர் எழுதிய நூல் நாய் பழக்குவோரிடையே பெரிய மாறுதலை உண்டாக்கிற்று.

இது வெறும் மனோபாவ பேதமென்று தள்ளிவிடுவதற்குமில்லை. 2020-ல் போர்ச்சுகல் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 92 வீட்டு நாய்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். கழுத்தைச் சுண்டியிழுத்தும் அதட்டியும் பழக்கப்பட்ட நாய்கள் பயிற்சி வேளையில் உடல் விறைத்து இளைத்தன. உமிழ்நீரில் மன நெருக்கடியைக் காட்டும் சுரப்பு மிகுந்தது. பயிற்சி முடிந்த வேறு வேளைகளிலுங்கூட, சந்தேகத்துக்கிடமான பாத்திரத்தில் தீனி இராதென்றே எண்ணி அவை தயங்கி நடந்தன. அதாவது, அடி பட்ட நாய் உலகத்திலேயே நம்பிக்கையிழக்கிறது.

இனி, நம் நாட்டு நாய்களுக்கு வருவோம். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு, காற்றாய்ப் பறந்து பிடிக்கும் ஜாதி. முயல் ஓடும் வேகத்தில் எஜமானனின் கட்டளைக்குக் காத்திருந்தால் வேட்டை நடக்குமா? தானே தீர்மானித்துத் தானே பாயும் குணத்துக்காகவே நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக அவற்றைத் தேர்ந்து வளர்த்தனர். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வேட்டைத் தொழில் போயிற்று, குணம் போகவில்லை. இப்போது அந்த நாய் மதுரையில் ஒரு மாடிப்படியடியில் இரண்டு முழச் சங்கிலியில் கிடக்கிறது. ஆட்டு மந்தையைக் காக்கவும் மேய்ப்பனின் சைகைக்கு நிற்கவும் உண்டான சீமை நாயின் கவாத்தை அதன்மேல் சுமத்தி, அது உடனே உட்காரவில்லையென்று பிரம்பை எடுப்பது எவ்வகை நியாயம்?

ராஜபாளையத்தின் விஷயம் இன்னும் பரிதாபகரமானது. தூய வெண்ணிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது நாய்களில் காணப்படும் குறை; ராஜபாளையக் குட்டிகளில் அது கணிசமாக உண்டு. பெயர் சொல்லி அழைத்தும் வராத குட்டியைத் திமிர் பிடித்ததென்று அடிப்பவன், காது கேளாத குழந்தையை அடிக்கிறான். குட்டியறியாமல் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தால் சந்தேகம் பாதி தீரும். இரு காதும் கேளாத குட்டியுங்கூடக் கைச்சாடையால் நன்றாகப் பழகும். அதற்கு வேண்டியது பொறுமை, பிரம்பன்று.

கடினக் கட்சியாருக்கு ஒரு வலிமையான வாதம் உண்டென்பதை நாம் மறைக்கவில்லை. குறுகிய தெரு, விளையாடும் குழந்தைகள், கடித்தால் வெறிநோய் அபாயம். இந்நிலையில் நாயைக் கொஞ்சிக்கொண்டிருக்கலாமா என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆனால் அடி அந்த அபாயத்தைக் குறைக்கிறதா? உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை; விலகிப்போ என்று அது சொல்லும் பாஷை. உறுமும்போதெல்லாம் அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், அச்சத்தை விடாது. அப்புறம் அது எச்சரிக்கையின்றியே கடிக்கும். அப்போது, "திடீரென்று கடித்துவிட்டது" என்று வீட்டார் வியப்பார்கள். கூசாமல் சொன்னால், எச்சரிக்கும் மணியை அறுத்தெறிந்தவர்கள் அவர்களே.

மென்மையென்பது செல்லங்கொடுத்துக் கெடுப்பதுமன்று. மேலே தாவும் நாய்க்குத் தடவிக்கொடுப்பவன் மென்மைக் கட்சியைச் சேர்ந்தவனல்லன். அவன் எக்கட்சியுமில்லாத சோம்பேறி. மென்மை முறையில் ஒழுங்கு கண்டிப்பானது. குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் சுமார் பன்னிரண்டாம் வாரம் வரையில் மனிதரையும் குழந்தைகளையும் சத்தங்களையும் அச்சமின்றிப் பழக்கப்படுத்த வேண்டும். சொன்னதைச் செய்த அக்கணமே ஒரு சிறு துண்டு தீனியோ ஒரு நல்ல சொல்லோ கிடைக்க வேண்டும்; தாமதித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்ததென்று நாய்க்குத் தெரியாது. பாடம் ஐந்து நிமிஷத்துக்கு மேற்படலாகாது. வீட்டிலுள்ளவர் அனைவரும் ஒரே சொல்லையே வழங்க வேண்டும். வேண்டாத செயலுக்குப் பயன் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்வதற்குப் பிரம்பை எடுப்பதைவிட அதிகப் புத்தி தேவை. அதனால்தான் பலர் பிரம்பை எடுக்கின்றனர்.

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழிக்கு மறுப்பும் மதுரைச் சீமையிலேயே இருக்கிறது. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலைத் தாண்டி வீரர்களைச் சிதறடிக்கும் காளை, மாலையில் வீட்டுச் சிறுமி பிடித்த கயிற்றுக்குப் பின்னால் சாதுவாக நடந்துபோகிறது. ஊரே கூடி அடக்க முடியாததை அந்தச் சிறுமி எந்தத் தடியால் அடக்கினாள்? கையால் ஊட்டிய தீனியும் தடவிய தடவலுந்தான் அவளுடைய ஆயுதங்கள். மாட்டுக்குத் தெரிந்த முறை நாய்க்கு மட்டும் தெரியாமற்போனது ஆச்சரியமே.

கடினக் கட்சியார் கடைசியாக ஒன்று சொல்வர்: "எவ்வளவு அடித்தாலும் நாய் எங்கள் காலடியிலேயே கிடக்கிறதே, அடி பலித்ததற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?" மதுரையில் தங்கியிருந்த சமண முனிவர் பாடியதாகப் பரம்பரையாய்ச் சொல்லப்படும் நாலடியார், தன்மீது ஆயுதம் எறிந்தவனிடத்தும் அன்பு மாறாத நாயை நல்ல நட்புக்கு உவமையாக்குகிறது. அந்தச் செய்யுள் நாயின் பெருமையைக் கூறுவதேயன்றி, எறிந்தவனுக்குக் கொடுத்த அநுமதிச் சீட்டன்று. பொறுத்துக்கொள்வது நாயின் குணம். அதைத் தன் சாட்டையின் வெற்றியென்று கணக்கெழுதுவது மனிதனின் மயக்கம்.

இந்த மயக்கத்தின் விலையை நம் ஜில்லா அறியும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. உயிர்கள் பல மாண்டன. மனிதரையும் விலங்கையும் சமமாக வைத்துப் பேசுவது நம் கருத்தன்று. அப்படி வைத்து ஆண்டவர்கள் அந்நியர். அச்சுறுத்தினால்தான் அடங்குவார்கள் என்பதும், அடங்கியிருப்பதே விசுவாசம் என்பதும் அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்தது. அச்சட்டமும் 1947-ல் சென்னை மாகாணத்தில் ரத்தாயிற்று. சாட்டையின் தர்க்கத்தை அரசியலில் தோற்கடித்த ஜனங்கள், அதைத் தம் வீட்டு முற்றத்தில் மட்டும் பத்திரமாக வைத்திருக்கலாமா?

சட்டமும் மென்மையின் பக்கமே நிற்கிறது. 1904-ல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் இடைவிடாது முயன்றதன் பயனாகவே 1960-ம் வருஷத்தில் பிராணிவதைத் தடைச் சட்டம் உண்டாயிற்று. பிராணியை அடித்து வருத்துவதும், நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும் அச்சட்டப்படி குற்றம். ஆயினும் முதற் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையிலேதான். ஐம்பது ரூபாய்க்கு அஞ்சி எவனும் பிரம்பைக் கீழே போடப்போவதில்லை. ஆகவே ஜனங்களின் அபிப்பிராயமே சட்டத்தின் வேலையைச் செய்யவேண்டும்.

நாய் வளர்ப்போருக்கு நாம் சொல்வது சுருக்கமானது. உங்கள் நாயைப் பழக்க வருகிறவர் எப்படிப் பழக்குவாரென்று முன்னதாகக் கேளுங்கள். உங்கள் கண்ணெதிரிலேயே பழக்கச் சொல்லுங்கள். அவரைக் கண்டதும் நாய் வாலைக் குழைத்து ஓடிவருகிறதா, வாலை இடுக்கிக்கொண்டு பதுங்குகிறதா என்று பாருங்கள். பதுங்குமானால் அவருக்குக் கூலி கொடுத்தனுப்பிவிடுங்கள்.