நகரசபையைக் கலைக்கும் அதிகாரமும் நீதிமன்றங்களும்

தொழில் நிமித்தமாக டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியிருக்கும் நமக்கு, அரசியல் என்றதும் பாராளுமன்றமும் சட்டசபையுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் குழாயில் தண்ணீர் வருவதும், தெருவில் விளக்கு எரிவதும், பிறந்த குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறுவதும் நகரசபையின் காரியங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், தாய்மொழி எதுவாயினும், வார்டு அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வாறு அமைந்த சபையைச் சர்க்கார் ஓர் உத்தரவினால் கலைத்துவிட்டால் கேட்பார் உண்டா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

கலைக்கும் அதிகாரம் சட்டத்தில் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. கடமை தவறுதல், திறமையின்மை, அதிகார துஷ்பிரயோகம் ஆகியவை அதற்குரிய காரணங்கள். வரிப்பணம் வீணாகும்போது தலையிடச் சர்க்காருக்கு வழி வேண்டும் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், கலைப்பது எளிது. மீண்டும் அமைப்பது அரிது. சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடைபெற்றது. இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகள் அந்நகரத்தை ஸ்பெஷல் ஆபீசர்களே நிர்வகித்தனர்.

நீதிமன்றங்கள் தொடக்கத்தில் இவ்விஷயத்தில் தயக்கமே காட்டின. அப்போது மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த தம்தரி நகரசபையில், சபையைக் கலைக்காமலே நிர்வாக அதிகாரி ஒருவரைச் சர்க்கார் நியமித்தது. இது வெறும் நிர்வாக நடவடிக்கை. விசாரணை தேவையில்லை என்று 1958-இல் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

அடுத்த முக்கிய வழக்கு இலங்கையில் எழுந்தது. 1966 மே மாதம் யாழ்ப்பாண மாநகர சபையை அமைச்சர் கலைத்தார். சபையிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. மேயர் துரையப்பா வழக்குத் தொடுத்தார். இலங்கை சுப்ரீம் கோர்ட்டு அவருடைய மனுவைத் தள்ளிவிடவே, அப்பீல் லண்டன் பிரிவி கவுன்ஸிலுக்குச் சென்றது. சபை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது, கலைப்பது கடுந்தண்டனை, ஆகவே அதன் தரப்பைக் கேளாமல் கலைத்தது தவறு என்று பிரிவி கவுன்ஸில் கூறியது. ஆனால் அத்தவற்றைச் சுட்டி வழக்காடும் உரிமை சபைக்கே உரியது, மேயர் தனியாக வழக்காட இயலாது என்று சொல்லி, அப்பீலைத் தள்ளுபடி செய்தது. கொள்கை வென்றது, வழக்குத் தோற்றது.

நம் நாட்டில் திருப்பம் நேர்ந்தது 1980-இல். அவ்வாண்டு பிப்ரவரியில் புதுடில்லி நகராட்சிக் குழுவை லெப்டினென்ட் கவர்னர் ஜக்மோகன் நீக்கினார். அக்குழு நியமன அங்கத்தினர்களைக் கொண்டது. எனினும், அதற்கும் தன் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நியமனக் குழுவுக்கே அவ்வுரிமை உண்டெனில், நம் வாக்கினால் அமைந்த சபைக்கு அது இன்னும் உறுதியாக உண்டன்றோ?

தீர்ப்பை எழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கினார். சர்க்காரும் குழுவும் சில குற்றச்சாட்டுகள் குறித்துக் கடிதப் போக்குவரத்து நடத்தியிருந்தால் மட்டும் போதாது. கலைப்பதற்கு உத்தேசம் என்பதைக் குழுவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். விசாரித்திருந்தாலும் முடிவு மாறியிராது என்று வாதிப்பதும் செல்லாது. விசாரணையை மறுப்பதே ஒரு தீங்கு. ஆனால் தீர்ப்பு வந்தது செப்டம்பரில். குழுவின் பதவிக்காலம் முடிய நாட்களே எஞ்சியிருந்தன. ஆகவே குழுவை மீண்டும் அமர்த்தக் கோர்ட்டு முற்படவில்லை. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்த கதையாயிற்று.

இக்குறையைப் போக்க முயன்றது அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம். 1993 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்தின்படி, நகரசபையின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். கலைக்குமுன் அதன் தரப்பைக் கேட்டே ஆகவேண்டும். கலைத்தால், எஞ்சிய பதவிக்காலம் ஆறு மாதத்துக்குக் குறையாதவரை, ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். புதிய சபை எஞ்சிய காலத்துக்கு மட்டுமே நீடிக்கும். தேர்தலை உரிய காலத்தில் நடத்துவது மாநிலத் தேர்தல் கமிஷனின் கடமை. சர்க்கார் ஒத்துழைக்காவிடில் கமிஷன் நீதிமன்றத்தை நாடலாம் என்று 2006-இல் ஆமதாபாத் மாநகராட்சி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது.

ஒரு நகரசபை கலைக்கப்பட்டதாகச் செய்தி வரும்போது நாம் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, முன்னறிவிப்பு தரப்பட்டதா? இரண்டாவது, உத்தரவில் காரணங்கள் உள்ளனவா, அவற்றுக்கு ஆதாரம் உண்டா? மூன்றாவது, சபையே வழக்காடுகிறதா? நான்காவது, ஆறு மாதக் கெடு என்றைக்கு முடிகிறது? ஹைக்கோர்ட்டில் ரிட் மனு தாக்கல் செய்ய அரசியல் சட்டத்தின் 226-ஆவது ஷரத்து வழி செய்கிறது. சபை நன்றாக நிர்வகித்ததா என்று கோர்ட்டு மதிப்பெண் போடுவதில்லை. சட்டம் வகுத்த முறைப்படி சர்க்கார் நடந்ததா என்றே பார்க்கிறது. தாமதம் வழக்கின் பலனைக் கரைத்துவிடும் என்பதற்கு டில்லி வழக்கே சான்று.

தவறு செய்த அங்கத்தினரை அகற்ற வாக்காளர்களாகிய நமக்குத் தேர்தல் இருக்கிறது. அத்தேர்தலே நடவாமல் ஆண்டுகள் கழியுமாயின், குற்றம் செய்த அங்கத்தினரோடு குற்றமற்ற வாக்காளரும் தண்டனை பெறுகிறார். வந்து குடியேறிய ஊரே ஆயினும், அங்குள்ள நகரசபை நம்முடையதே. அதைக் காப்பதும் நம் கடமையே ஆகும்.